திருப்பினால் உறுமிய பைக்

நானும் செல்வமும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். மண்ணூரில் ஒரே ரூம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பைக். ரெண்டாவது ஷிப்டுக்கு அவன் அதில் வருவான். முதல் ஷிப்ட் முடிந்து நான் கேட்டில் சாவி வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போவேன். மற்றபடி கம்பெனி பஸ்தான்.

போன மாசம் ஒருநாள் வண்டி சரியில்லை. நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஹேண்டிலைத் திருப்பினால் இன்ஜின் தானாக உறுமியது. பிளக்கில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் போட்டேன்.

மறுநாள் மண்ணூர் வளைவில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத்தான் திருப்பினேன். வண்டி தானாகப் பாய்ந்தது. எதிரே தண்ணி லாரி. பிரேக் பிடித்து, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து, ஓரத்து மண்மேட்டில் போய் நின்றேன். அடி இல்லை.

ஞாயிறு லீவில் செல்வத்தைக் கேட்டேன்.

"ஏலே, வண்டியக் கீழ போட்டியா?"

"லேசா சாஞ்சிச்சு மாப்ள. வைவியேன்னு சொல்லல."

மெக்கானிக் பார்த்தார். விழுந்ததில் ஆக்சிலேட்டர் கேபிள் ஹேண்டில் இடுக்கில் மாட்டி, திருப்பும்போதெல்லாம் இழுபட்டிருக்கிறது. எடுத்துவிட்டார். சரியாகிவிட்டது.

அந்த வெயிலிலும் செல்வம் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தேன். முழங்கையில் தோலே இல்லை.

"இதுதான் லேசா சாஞ்சதா?"

"வண்டி சரியாயிட்டுல்ல, விடு" என்றான்.

கம்பெனியில் மெஷின் மக்கர் செய்தால் அடுத்த ஷிப்ட் ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் வருவோம். பைக்குக்கும் இப்போது அப்படித்தான். சாவி வாங்கும்போது வண்டி எப்படி ஓடுது என்று கேட்கிறேன். அதற்கு முன்னால் அவன் கை காலைப் பார்க்கிறேன்.