சின்னத்துரையின் காரும் என் மச்சானின் வலது கையும்

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மரப்பெட்டியை மச்சான் உளியால் நெம்பித் திறந்தபோது, உள்ளே வைக்கோலுக்கு நடுவில் ஓர் அலுமினியக் குழாய் பளபளவென்று கிடந்தது. முழங்கைப் பருமன். ஒரு முனையில் தட்டையான பெட்டி, மறுமுனையில் கம்பிவலை போட்ட அகன்ற வாய். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஃபேக்டரியில் மச்சான் ஃபிட்டர். நான் அவருக்கு அடுத்த ஃபிட்டர். அவருடைய தங்கையைத்தான் நான் கட்டியிருந்தேன். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கும் அவர் காம்பராவுக்கும் இடையில் ஒரே ஒரு சுவர்.

குழாய் சின்னத்துரையுடையது. பெரியதுரைக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தை நடத்திய அந்த வெள்ளைக்காரனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, பிந்தி வந்தவனை எல்லார் முன்னாலும் பூட்ஸ் காலால் உதைப்பான். ஒருமுறை ஒரு கிழவரின் பல் உடைந்து வாயெல்லாம் இரத்தமாக அவர் மலைக்கு வேலைக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அவனிடம் இரண்டு பேர் உட்காரும் சிவப்புக் கார் ஒன்று இருந்தது. நுவரெலியாவில் சீசன் நாட்களில் மலையேறும் கார்ப் பந்தயம் நடக்கும். அதில் ஜெயிப்பதற்காகத்தான் குழாயை வரவழைத்திருந்தான்.

அது என்ன செய்யும் என்பதை மச்சானுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. கொழுந்து வாடுவதற்குப் பெரிய காற்றாடிகளை வைத்துச் சூட்டுக் காற்றை மேல்மாடிக்குத் தள்ளுவதே அவருடைய அன்றாட வேலை. “சூட்டுக் காத்து லேசா இருக்கும் மாப்ளே, குளிர்காத்து கனமா இருக்கும். பானட்டுக்குள்ள வெந்துகிட்டு கெடக்குற காத்த விட்டுட்டு வெளிக்காத்த குடுத்தா இஞ்சினு வயிறு நெறையத் தின்னும்” என்றார். கார்பரேட்டர்கள் இரண்டிலும் இருந்த பழைய வடிகட்டிகளைக் கழற்றினார். தட்டைப் பெட்டி சரியாக உட்காரவில்லை. அரத்தால் ராவி, தோல் வாஷர் வெட்டிப் போட்டு, காற்றுக் கசியாமல் முடுக்கினார். காற்று கூடினால் பெட்ரோலும் கூடவேண்டும் என்று ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியை கார்பரேட்டர் வாயிலும் வைத்து, அந்தச் சீறலைக் கேட்டுக் கேட்டே ஜெட்டைத் திருகினார். இஞ்சின் உறுமியபோது ஃபேக்டரித் தகரம் அதிர்ந்தது.

குழாயின் வாயை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. மச்சான் அதை ரேடியேட்டருக்கு மேலே, உயரத்தில் வைத்திருந்தார். சின்னத்துரை ஒரு ஆங்கிலப் பத்திரிகைப் படத்தைக் காட்டி, பம்பருக்குக் கீழே வைக்கச் சொன்னான். அங்கிருந்து ரோட்டுக்கு ஒரு சாண்தான் இருக்கும்.

“தொரை, இது மழை ஊரு. ரோட்டுத் தண்ணி உள்ள போனா இஞ்சினு ஒடைஞ்சிரும்” என்றார் மச்சான்.

“நீ எனக்குச் சொல்லிக் குடுக்க வேணாம். நான் சொன்னது செய்” என்றான் அவன், எல்லாத் துரைமாரும் பேசும் அந்தத் தோட்டத்துத் தமிழில்.

மச்சான் செய்தார்.

நான்காம் நாள் மத்தியானம் வானம் கிழிந்ததுபோல மழை. எங்கள் ஃபேக்டரிக்குக் கீழே ரோட்டை ஓர் ஓடை குறுக்கே வெட்டும். மழை பெய்தால் பாலத்தின் மேலேயே செந்நிறத் தண்ணீர் புரண்டு ஓடும். சிவப்புக் கார் வேகம் குறையாமல் அதற்குள் பாய்ந்ததை ஃபேக்டரி வாசலில் நின்று நாங்கள் இருவரும் பார்த்தோம். தண்ணீர் இரண்டு பக்கமும் சுவர்போல எழுந்தது. அடுத்த நொடி வெடி வைத்ததுபோல ஒரு சத்தம். தண்ணீரைக் குடித்த இஞ்சினுக்குள் இரும்பு ராட் முறிந்து, பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஓடையில் எண்ணெய் கறுப்பாய்ப் படர்ந்தது.

அவன் நனைந்தபடி ஏறி வந்தான். காரைக் கிளப்பும் இரும்பு ஹேண்டில் கையில் இருந்தது. எதுவும் கேட்கவில்லை. முதல் அடி மச்சானின் தோளில் விழுந்தது. அவர் தடுமாறிப் பட்டறை மேசையைப் பிடித்துக்கொண்டார். மேசைமேல் விரிந்திருந்த வலது கையைப் பார்த்துத்தான் அடுத்த அடியை அடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் மழையை மீறிக் கேட்டது. மூன்று முறை, நான்கு முறை, அதே கைமேல். மச்சான் கத்தவில்லை, தொண்டையிலிருந்து ஏதோ ஒரு காற்று மட்டும் வந்தது. என் கையில் ஒரு பெரிய ஸ்பேனர் இருந்தது. எனக்கும் அவனுக்கும் இடையில் நாலு எட்டுத் தூரம். நான் அசையவில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மறுநாள் கண்டாக்கையா என்னை ஆபிசுக்குக் கூப்பிட்டார். மலையில் வேலை வாங்கும் அவர் எங்கள் ஆள்தான், எங்களைப் போலவே தமிழர். ஒரு தாளை நீட்டினார். ஃபேக்டரி பெல்ட்டில் கை மாட்டி ஃபிட்டர் காயப்பட்டார், நான் கண்ணால் பார்த்தேன் என்று அதில் எழுதியிருந்தது. “போட்டுரு தம்பி. போடலன்னா இன்னைக்கே காம்பராவ விடணும். பொண்டாட்டி முழுகாம இருக்கா, எங்க போவ?” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, பாவம்போலத்தான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

சேதி எனக்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்விட்டது. என் மனைவி சோற்றை வைத்துவிட்டு அண்ணன் காம்பராவுக்குப் போனாள். அதன்பின் என்னிடம் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மச்சான் வலியில் முனகுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிய கட்டை அவிழ்த்தபோது விரல்கள் நண்டுக் கால்போல உள்பக்கம் மடங்கியிருந்தன. எனக்குப் பிள்ளை பிறந்த செய்தியையும் வேறொரு பெண்தான் வந்து சொன்னாள்.

கொழும்புக்குப் போன கார் புது இஞ்சினோடு திரும்பி வந்தது. குழாயை மறுபடி பூட்டும் வேலையை சின்னத்துரை எனக்குத் தந்தான். இந்த முறை வாயை உயரத்திலேயே வைக்கச் சொன்னான்! மச்சான் முதலில் வைத்த அதே இடம். குழாயைப் பூட்டிவிட்டுக் காருக்கு அடியில் படுத்தேன். ஸ்டியரிங் கம்பியின் நட்டைத் தளர்த்தி, அதைப் பிடித்திருந்த ஊசியையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏதாவது ஒரு வளைவில் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. கீழே முந்நூறு அடிப் பள்ளம்.

வெளியே வந்தபோது மச்சான் நின்றுகொண்டிருந்தார். கை போனபின் அவருக்கு ஃபேக்டரி கூட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். துடைப்பத்தைச் சாத்திவிட்டு மெல்லக் குனிந்து அடியில் பார்த்தார்.

“ஊசி எங்க?”

நான் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டேன்.

“அந்த ரோட்டுல யாரு நடக்குறாங்க? கொழுந்துக் கூடையோட பொம்பளைங்க நடக்குறாங்க. ஒன் பொண்டாட்டி நடக்குறா, முதுகுல ஒன் புள்ளைய கட்டிக்கிட்டு. கார் எந்தப் பக்கம் திரும்பும்னு ஒனக்குத் தெரியுமா? மாட்டு மாப்ளே.”

மாட்டினேன். இடது கையால் அசைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு காருக்குள்ளிருந்து அந்த இரும்பு ஹேண்டிலை எடுத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் இருநூறு பேர் நின்றோம். பனி இன்னும் விலகவில்லை. சின்னத்துரை வந்து நின்றதும் மச்சான் வரிசையிலிருந்து பிரிந்து நேராக அவன் முன்னால் போனார். “தொரை, என்னயப் பாருங்க” என்றார். அவன் பார்த்தான். இடது கை வீசிய முதல் அடியில் அவனுடைய தாடை விலகியது. இரண்டாவதில் தோள்பட்டை முறிந்து விழுந்தான். விழுந்தவன் கையை உயர்த்திக் கெஞ்சினான். மூன்றாவது அடி அந்தக் கையைத் தாண்டி முகத்தில் இறங்கியது. அதற்குள் கூட்டம் பாய்ந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளோடு பாய்ந்தது. அத்தனை வருஷத்து உதைகளும் அந்தக் கூச்சலில் இருந்தன. மச்சான் அவனுக்குக் குறுக்கே நின்று, “ஒருத்தனும் தொடக்கூடாது! இது என் கணக்கு!” என்று அலறினார். கூட்டம் நின்றது. ஹேண்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். போலீஸ் ஜீப் வரும்வரை அப்படியே இருந்தார். ஏற்றும்போதே அவரைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள்.

வழக்கில் நான் சாட்சி சொன்னேன். கை எப்படி உடைந்தது என்பதைச் சொன்னதும் எதிர்த்தரப்பு வக்கீல் நான் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டினார். அன்று சொன்னது உண்மையா, இன்று சொல்வது உண்மையா என்று நீதவான் கேட்டார்.

“ஐயா, அன்னைக்குப் பொய் சொன்னதுக்கு காம்பரா நெலச்சுச்சு. இன்னைக்கு இதச் சொன்னா அது போயிரும். பொய் சொல்லணும்னா அன்னைக்குச் சொன்னதையே சொல்லியிருப்பேனே” என்றேன்.

மச்சானுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. அந்த நொறுங்கிய கை சாட்சியாக இல்லாவிட்டால் பத்து வருஷம் கிடைத்திருக்கும் என்றார்கள். நான் திரும்பியபோது எங்கள் சட்டி பானைகள் ரோட்டோரம் கிடந்தன. அவற்றின் நடுவே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றே அட்டன் டவுனுக்குப் போய், லாரி கராஜ் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். சின்னத்துரை சீமைக்குப் போய்விட்டான். முகம் கோணியே இருந்ததாம்.

கண்டிச் சிறையிலிருந்து மச்சானை நான்தான் கூட்டிவந்தேன். பஸ் அட்டன் மலை ஏற்றத்தில் முக்கி முக்கி ஏறியது. மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினார்.

“மொத அடி என் கைக்கு மாப்ளே. ரெண்டாவது ஒன்னைய கையெழுத்துப் போட வச்சதுக்கு. மூணாவதுக்கு ஒரு காரணமும் இல்ல. அவன் கெஞ்சுனான். அது எனக்கு நல்லா இருந்துச்சு. உள்ள இருந்த ரெண்டு வருசமும் அதத்தான் நெனச்சுக்கிட்டு கெடந்தேன்.”



மச்சான் இறந்து நெடுங்காலம் ஆகிறது. இன்றும் எங்கள் பேரப்பிள்ளைகள் அவரை வீரர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லும்போது மூன்று அடியையும் கையை வீசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அவர் இருந்த காலத்தில் யாராவது அந்தக் கதையை எடுத்தால், மூன்றாவது அடி வருவதற்குள் எழுந்து வெளியே போய்விடுவார்.