பதினேழாம் பிரிவின் வருகைப் பதிவேடு

கிரிசாந்தாவும் நானும் பத்தொன்பது வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். ஆனால் சேர்ந்து இருந்தது தினம் அரை மணி நேரம்தான். கடலோர ஊரான நவோதாஸில் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அதிகம், அறைகள் குறைவு. காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அந்த அறையும் கரும்பலகையும் ஒரு கால் ஆடும் நாற்காலியும் அவளுடையவை. பன்னிரண்டரையிலிருந்து ஆறு வரை என்னுடையவை. நடுவில் உள்ள அரை மணியில் நாங்கள் சண்டை போட்டுக்கொள்வோம்.

சண்டைக்குக் காரணம் அநேகமாக நான்தான். எனக்கு நான்காம் வகுப்பு முதல் பிரிவு, அவளுக்குப் பதினேழாவது. மார்க்கு வரிசையில்தான் பிரிப்பார்கள், பதினேழுதான் கடைசி. தெருவில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போதுகூட "போடா பதினேழு" என்றுதான் திட்டுவார்கள். முதல் பிரிவு டீச்சர் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. பலகையில் நான் எழுதி "அழிக்காதே" என்று கட்டம் போட்டதை அவள் ஒரு நாளும் அழித்ததில்லை. அவள் போட்ட கட்டத்தை நான் யோசிக்காமல் அழிப்பேன்.

கிரிசாந்தாவுக்குக் குட்டையான உருவம், பெரிய குரல். ரப்பர் செருப்போடு வந்து, பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த ஷூவை வாசலில் மாற்றிக்கொள்வாள். பள்ளியில் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்குவது பிள்ளைகளின் வேலை. அவள் அதையே வாய்ப்பாடு ஆக்கினாள். ஒற்றைக் காலில் மட்டையை அழுத்தி, முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு தள்ளு. "ஏழொண்ணு ஏழு, ஏழிரண்டு பதினாலு" என்று நாற்பது பிள்ளைகள் ஆடிக்கொண்டே கத்துவார்கள். நான் நுழையும்போது தரையில் என் முகம் தெரியும். சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்லிவிட்டு, அந்தத் தரையில் பெருமையாக நடப்பேன்.

எண்பத்தேழாம் வருஷம் ஜூலையில் ஒரு மதியம் அவள் பதிவேட்டை என் முன்னால் விரித்தாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. லேட்டா வந்தவங்க எத்தன மணிக்கு வந்தாங்கன்னு குறிச்சிருக்கேன். திங்கக்கிழம ஏழர. செவ்வா எட்டே கால். புதன் ஒம்பது. தெனமும் முக்கா மணி, அம்பது நிமிஷம் தள்ளிப் போகுது."

"சோம்பேறித்தனமும் வளரத்தானே செய்யும்."

"சோம்பேறித்தனம் இல்லக்கா, கடல்! பதினோரு பேரும் கழிமுகத்துப் பலகை வீட்டுப் பிள்ளைங்க. தண்ணி ஏறுனா சந்துல இடுப்பளவு நிக்குது. அது எறங்குனாத்தான் கெளம்ப முடியும்."

ஆறேகாலுக்கு வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். அதன்பிறகு வந்தால் உள்ளே விட்டாலும் ஆப்சென்ட்தான். இருபது ஆப்சென்ட் ஆனால் பெயரை அடித்துவிடுவார்கள். பதினோரு பேருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகியிருந்தது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். காலையில் தண்ணீர் ஏறுவது மாதத்தில் இரண்டு தடவை, ஐந்தாறு நாள்தான். அந்த நாட்களில் மட்டும் என் பிரிவு காலையிலும் அவள் பிரிவு மதியத்திலும் வந்தால் போதும். தலைமையாசிரியர் எவரிஸ்டோ, இரண்டு டீச்சரும் கையெழுத்துப் போட்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

"நல்லாருக்கே! பதினேழுக்காக முதல் பிரிவு விடியக்காலைல எந்திரிக்கணுமா? எங்க பிள்ளைங்களோட அம்மாமாருங்க என்னை உரிச்சுத் தொங்க விட்டுருவாங்க" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து, காலை வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், அந்தப் பதினோரு பேரையும் எங்கள் அறைக்கு வெளியே நடையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். நடையில் படித்ததை அலுவலகம் கணக்கில் எடுக்காது. ஆனால் பாடமாவது விட்டுப்போகாது அல்லவா? அவர்களுக்குப் பான் தே சால் ரொட்டி வாங்க நடுநடுவே கடைக்கு ஓடுவாள்.

அப்படி அவள் கடைக்குப் போயிருந்த ஒரு மதியம் நான் என் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு படகு திங்கட்கிழமை ஐந்தே காலுக்குக் கிளம்புகிறது. தினமும் ஐம்பது நிமிஷம் தாமதமானால் வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பும்? என் கெட்டிக்காரப் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழே முக்கா டீச்சர்!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். லுஸ்மிண்டா என்ற பெண். முன்பல் ஒன்று இல்லை. "அன்னைக்குத் தண்ணி எங்க அடுப்பு வரைக்கும் வந்துடும்!"

வகுப்பே சிரித்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. எனக்கு முகம் சுட்டுப்போயிற்று.

"பதினேழுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டு, ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை இறக்கி மூடினேன்.

மூன்று வாரம் அவை மூடியே இருந்தன. வகுப்பு வெந்தது. ஒரு நாள் வகுப்புத் தலைவி எழுந்து, "டீச்சர், ஜன்னலத் தெறங்களேன். அந்தப் பொண்ணு பதில் சொன்னா, அவளுக்கு முன்னாடி சொல்லணும்னு எங்களுக்கும் கணக்கு வேகமா வரும்" என்றாள். என் நாற்பத்தைந்து பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். போட்டி இல்லாமல் என் முதல் பிரிவு தூங்கிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். திறந்தேன். வெளியே பத்துத் தலைகள் திரும்பின. அன்றே கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. அம்மாமார் இரண்டு நாள் முணுமுணுத்து ஓய்ந்தார்கள். கரும்பலகை மூலையில் பதினேழாம் பிரிவு தண்ணீர் ஏறும் நேரத்தைக் கணக்குப் போட்டு எழுதும், என் பிரிவு அதில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்க்கும், பெரும்பாலும் தோற்கும். அந்த மூலையைச் சுற்றி "அழிக்காதே" என்று கட்டம் போட்டது நான். மாறிய நாட்களில் கிரிசாந்தா எனக்காகச் சாக்லேட் கஞ்சி கொண்டுவந்து மூடி வைத்திருப்பாள். மார்ச்சில் பத்துப் பேரும் தேறினார்கள்.

கையெழுத்துப் போட்ட அன்றே நான் கேட்டிருந்தேன். "அந்தப் பல்லு விழுந்த பொண்ணு எங்க?"

"மிண்டாவா? வர்றதில்லக்கா. மீன் காயப் போடப் போறா. வீட்டுக்குப் போயி எவ்வளவோ கெஞ்சினேன். 'பதினேழுக்கு அங்க என்ன வேலை டீச்சர்'ங்கறா. எவ சொல்லிக் குடுத்தாளோ, பச்சப் பிள்ள வாயில இந்தப் பேச்சு."

நான் கீழே விழுந்த சாக்பீஸைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அடுத்த மாதம் அலுவலகம் மிண்டாவின் பெயரை அடித்தது. கிரிசாந்தா தன் பதிவேட்டில் அடிக்கவில்லை. மாறிய நாட்களில் மதியம் நான் கிளம்பிப் படியிறங்கும்போது பின்னால் அவள் வருகை எடுப்பது கேட்கும். "லுஸ்மிண்டா ஓர்பெதா" என்று கூப்பிட்டு, கொஞ்சம் காத்திருந்து, அடுத்த பெயருக்குப் போவாள். மார்ச் கடைசி நாள் வரை கூப்பிட்டாள்.

போன வருஷம் கிரிசாந்தா இறந்துபோனாள். மிண்டாவிடம் அந்தப் பேச்சைப் பேசியது நான்தான் என்று கடைசி வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. எண்பத்தேழில், பெயரை அடித்த பிறகு, ஒரே ஒரு தடவை மிண்டாவைக் கூப்பிடக் கிளம்பினேன். பள்ளியிலிருந்து பத்து நிமிஷ நடை. சந்து முனையில் தண்ணீர் ஏறியிருந்தது, முழங்கால் அளவுதான். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தால் போதும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.