ஆறு நிமிடம் போதாத கவுண்டர்

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் அந்தக் குடியிருப்புச் சேவை நிலையத்தில் ஒருவருக்கு ஆறு நிமிடம். அதற்குள் முடித்தால் திரையில் பச்சை, தாண்டினால் சிவப்பு. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மேல் மாடியில் குடியிருக்கும் சம்சுன்னிசாவை அக்கா என்ற பொருளில் நாங்கள் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருடமாக அந்த நிலையத்தின் நான்காம் கவுண்டரில் அவருக்கு வேலை. திரை பெரும்பாலும் சிவப்பு. ஊர் ஊராகச் சுற்றிய வருடங்களில் எத்தனையோ நாட்டு அரசுக் கவுண்டர்களில் நின்றிருக்கிறேன். எல்லா இடத்துக்கும் இந்தப் பச்சையும் சிவப்பும் வந்துவிட்டன. அவற்றோடு மல்லுக்கு நின்ற ஒருவரை வீடு திரும்பிய பிறகுதான் பார்த்தேன்.

போன பிப்ரவரியில் அந்தக் கவுண்டரை மூடிவிட்டு இயந்திரம் வைக்கலாமா என்று முடிவு செய்ய ஜெய் என்ற இளம் மேலாளர் வந்தார். டேப்லெட்டுடன் லாத்தாவின் பின்னால் உட்கார்ந்தார்.

அன்று வந்த பாலகிருஷ்ணனுக்கு எழுபத்தெட்டு வயது. குளியலறையில் கைப்பிடி பொருத்தித் தரக் கேட்டு வந்திருந்தார். டாக்டர் கடிதம் இல்லை. லாத்தாவே கிளினிக்குக்குப் போன் போட்டு, கடிதத்தை மின்னஞ்சலில் வரவழைத்தார். பதினான்கு நிமிடம் ஆனது.

“அக்கா, டபுளுக்கு மேல போயிருச்சு லா. நான் என்ன ரிப்போர்ட் எழுதறது?” என்றார் ஜெய்.

“எழுதுங்க தம்பி. அதுக்கு முன்னாடி, அங்கிள் இதுவரைக்கும் எத்தன தடவ வந்தாருன்னு பாருங்க.”

ஜெய் தட்டிப் பார்த்தார். மூன்று தடவை, வேறு கவுண்டர்களில். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். மூன்றும் பச்சை.

“லெட்டர் கொண்டு வாங்கன்னாங்க,” என்றார் பாலகிருஷ்ணன். “எந்த லெட்டர்னு கேக்கறதுக்குள்ள அடுத்த நம்பர கூப்பிட்டுட்டாங்க.”

ஜெய் அன்று சாப்பிடப் போகவில்லை. ஒரு வருடப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தார். மற்ற கவுண்டர்களில் நூறு பேரில் முப்பது பேர் அதே வேலைக்குத் திரும்ப வந்திருந்தார்கள். லாத்தாவிடம் ஐந்து பேர்.

ஜெய்யின் ரிப்போர்ட்டால் கவுண்டரை மூடாமல் வைக்க ஆறு மாத அவகாசம் கிடைத்தது. திரையில் ‘திரும்ப வந்தவர்கள்’ என்று புதிதாக ஒரு கட்டம் முளைத்தது.

மூன்றாம் வாரம் பாலகிருஷ்ணன் மறுபடி வந்து நின்றார்.

“என்ன அங்கிள், கைப்பிடி இன்னும் போடலையா?”

“போட்டாச்சும்மா. போட்டோ காட்டலாம்னு வந்தேன்.”

“அதுக்குப் போயி நம்பர் எடுத்தீங்களா?”

“எடுக்காம உள்ள விடுவாங்களா?”

அன்றும் லாத்தாவின் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெய் தலையில் கைவைத்தார். “போச்சு, ரிட்டர்ன் கேஸ்!” பிறகு எழுந்து வந்து போனுக்குக் கை நீட்டினார். “காட்டுங்க அங்கிள். இதுக்கும் ஒரு கட்டம் போடணும் போல.”