உயிரோடு போன ரத்தம்

ரத்தம் எடுப்பவனைக் கண்டால் பிள்ளைகள் அழும். அந்த ரத்தத்தை உயிரோடு கொழும்பு சேர்க்க வேண்டியவன் தானே அழுவான். தீவுப்பகுதி ஆஸ்பத்திரிகளில் ஆய்வுகூட வேலை பார்த்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாரை மீனோடு பயணம்

எண்பத்து நான்காம் ஆண்டு. நெடுந்தீவு றீற்றாவின் எட்டு மாத மகனுக்கு நிறமூர்த்தக் கோளாறு, குரோமோசோம் எண்ணிக்கையில் பிழை, என்று டொக்டர் சந்தேகப்பட்டார். குறைப்பிள்ளை, தாய்வழியில் வந்த வினை என்று சொல்லி, புருசன் வீட்டார் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப நின்றார்கள். உண்மையைக் கொழும்பில்தான் பார்க்கலாம். அதற்கு ரத்தக் கலங்கள், அதாவது செல்கள், உயிரோடு போக வேண்டும்.

லோஞ்சுப் படகில் எனக்கு ஒரே வாந்தி. பிள்ளையின் ரத்தம் எடுத்த குழாயைப் பிடிக்கச் சொல்லி ஓட்டி சூசை அண்ணையிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனதோடு அதை மீன்பெட்டி ஐஸுக்குள் புதைத்துவிட்டார். குறிகட்டுவான் துறையில் எடுத்துப் பார்த்தால் உறைந்து கட்டியாகக் கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஐஸிலை வைச்சால் பாரையே மூண்டு நாள் கிடக்கும் தம்பி. ரெத்தம் கிடவாதே?"

இரண்டாம் தரம்

மறுபடியும் அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி. றீற்றா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த முறை குழாயை ஈரத்துணியில் சுற்றி, ஓலைப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். சூசை அண்ணை மீன்பெட்டிகளைக் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டார். மீன்காரர் சண்டைக்கு வந்தார்கள்.

"நாளைக்கு ஏத்துறன். இண்டைக்கு உயிரோடை ஒண்டு போகுது."

நானே எண்ணினேன்

கொழும்பில் மூன்று நாள் அந்தக் கலங்களை இளஞ்சூட்டில் வளர்த்தார்கள். அவை பிரியும் தறுவாயில் மருந்து விட்டு நிறுத்தி, கண்ணாடியில் பரப்பிச் சாயம் ஏற்றினார்கள். அங்கிருந்த அக்கா என்னையும் பார்க்க விட்டார். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! ஊதா நிறத்தில் சின்னச் சின்னக் குச்சிகளாக நிறமூர்த்தங்கள். நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு. மூன்று தரம் எண்ணினேன். அக்கா விளக்கினார்.

"மேலதிகமானது ஒண்டோடையும் ஒட்டாமல் தனிய நிக்குது. இது பரம்பரையாலை வாறேல்லை. தாயிலை பிழையில்லை எண்டு போய்ச் சொல்லும்."

படம்

குச்சிகளை வரிசையாக ஒட்டிய படத்தோடு நெடுந்தீவுக்கு ஓடினேன். புருசன் வீட்டார் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கினேன். றீற்றா மகனை இடுப்பில் வைத்தபடி படத்தை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு மாமியாரிடம் நீட்டினாள்.

"குறைப்பிள்ளை எண்டியள். எண்ணிப் பாருங்கோ மாமி, கூடத்தான் கிடக்கு."

அதற்குப் பிறகு எத்தனையோ அறிக்கைகள் எழுதிவிட்டேன், அவள் சொன்ன அளவுக்குச் சரியாக ஒன்றுகூட எழுத வரவில்லை.