அக்காவின் குரலுக்கு நடந்த மாடுகள்

எங்கள் மூத்த அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. படித்தவர்கள் பலர் இருக்க, ஏழாம் வகுப்போடு லாரி வேலைக்கு ஏறிப் போன தம்பி என்னை இந்த நினைவுக் குறிப்பை எழுதச் சொன்னார்கள். கடைசி மாதங்களில் உடனிருந்தவன் நான்தான்.

அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தொட்டியத்தில். மாமா கீழத்தஞ்சைப் பக்கமிருந்து உம்பளச்சேரி இளங்காளைகள் இரண்டை ஓட்டிவந்தார். குட்டை இனம், வழக்கப்படி கொம்பு நீக்கியவை. வாழைத் தண்டில் இடிக்காமல் வரிசைக்குள் உழும். உழவு பழக்குமுன்பே மாமா இறந்தார். பிள்ளைகள் இல்லை. பெண் ஏர் பிடித்தால் மழை பெய்யாது என்றார்கள். அக்கா பிடித்தார். அந்த வருடம் மழையில் வாழையே சாய்ந்தது. அப்படிச் சொன்ன ஒருவர் வாசலுக்கே அக்கா போய், "என்னங்க, மழைய நிறுத்தச் சொல்லவா?" என்று கேட்டார்.

மாடுகளை அவர் அடித்ததில்லை. "வாங்க சாமி" என்பார், நடக்கும்.

"மாட்டுக்கு வாங்க போங்க, எனக்கு மட்டும் வாடா போடாவா?" என்றேன்.

"அதுங்க வீட்லயே இருக்குதுங்கடா."

வயிற்றில் புற்று என்று தெரிந்து திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாடுகளை நான் ஏரில் பூட்டினேன். நகரவில்லை. ஊர் ஆட்களும் முயன்றார்கள். ஆண் குரலுக்கு உழுது அவற்றுக்குப் பழக்கமே இல்லை. உழாத மாட்டை வாங்க அடிமாட்டு லாரிதான் வரும். அது அக்காவுக்கும் தெரியும்.

அக்காவுக்குப் போன் போட்டு, அதை ஒரு மாட்டின் காதருகே பிடித்தேன். படுக்கையிலிருந்து "வாங்க சாமி" என்றார். இரண்டும் கிளம்பிய வேகத்தில் நான் சேற்றில் விழுந்தேன்.

"குரல ரெக்கார்டு பண்ணிக்கறேன்க்கா."

"வேணாம்டா. நான் போனப்புறம் என் சத்தம் கேட்டா அதுங்க தேடும், பாவம். மரகதத்தக் கூப்பிடு. அவ பழக்கட்டும்."

மரகதம் அம்மா, முசிறியில் வாழை வைத்திருக்கும் அக்காவின் தோழி. தினமும் பஸ்ஸில் வந்தார். அக்காவைப் போலப் பேசிப் பார்க்கவில்லை. "நடங்கடா தடியனுங்களா, எனக்கு முட்டி வலிக்குது" என்று தன் குரலில் திட்டினார். நெடுநாள் அசையாமல் நின்றவை ஒரு காலையில் நடந்தன. ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் சொன்னேன்.

"அதுங்க எது வரைக்கும் போச்சுடா?"

"வரப்பு வரைக்கும்க்கா."

"திரும்பி உழுதுச்சா?"

"உழுதுச்சு."

"நல்லதுடா" என்றவர் சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு மாடுகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்த வாரமே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காரியம் முடியும்வரை உடன் நின்றவர்களுக்கும், இரண்டு மாடுகளையும் பிரிக்காமல் தன் கொட்டிலில் சேர்த்துக்கொண்ட மரகதம் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உறவினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முசிறிப் பக்கம் போனால் மாடுகளைப் பாருங்கள், தடவிக் கொடுங்கள். "வாங்க சாமி" என்று மட்டும் கூப்பிட வேண்டாம். அக்காவின் குரல் வாய்த்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள் கட்டாயம் வேண்டாம். உழவை விட்டுவிட்டு ஏரோடு வந்துவிடுகின்றன. வந்து, கூப்பிட்டவரை முகர்ந்து பார்த்துவிட்டு, அங்கேயே நிற்கின்றன.