புவனம் அக்கா வெட்டிய வரி

புவனம் அக்கா இறந்துபோன செய்தி எனக்குக் கொழும்பில், பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் கிடைத்தது. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். ஒரு கையில் அடையாள அட்டை, மறு கையில் தொலைபேசி. பேசியது அக்காவுடன் இருக்கும் மலர். "தங்கச்சி, அக்கா போயிட்டாங்க. காலையில தேத்தண்ணி கொண்டுபோனேன், எந்திரிக்கல" என்றாள். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் விலகி என்னை முன்னே விட்டாள்.

இதை வாசிக்கும் பலருக்கு அக்காவைத் தெரியும். வார நாட்களில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், ஒரு சட்டத்தரணியிடம் மொழிபெயர்ப்பு வேலை. சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில், ரயில் பாதையோரத்து மாடி வீட்டில், பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதும் எங்கள் வட்டம். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, அவர் எழுதுவார். நான் ஸ்டென்சிலில் தட்டச்சுச் செய்வேன். ரோனியோ இயந்திரத்தில் பிரதியெடுத்து, இதழாகக் கையிலிருந்து கைக்குக் கொடுப்போம். "கோட்டுக்குத் 'துன்புறுத்தினார்' எண்டு எழுதினாக் காணும். எங்களுக்கு எதாலை அடிச்சவன் எண்டு வேணும்" என்பார். ரயில் போகும்போது பேச்சு நின்றுவிடும். அந்த இரைச்சலுக்குள்தான் பலர் அடுத்ததைச் சொல்வதா விடுவதா என்று முடிவெடுத்தார்கள்.

வடக்கில் சனம் செத்துக்கொண்டிருக்கும்போது குசினிக்குள் நடப்பதை எழுதுகிறீர்களே என்று ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து கேட்டார். அக்கா அவருக்குக் கோப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஷெல் விழுந்தா ஊரே ஓடி வரும், ஐயா. இதுக்கு ஒருத்தரும் கதவைத் தட்டுறேல்லை." பெரியவர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

மலர் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியிலிருந்து வந்தவள். மலையகத்தில் பிறந்து, கலியாணத்தின் பின் கொழும்புக்கு வந்தாள். மலர் என்பது எழுதுவதற்காக அவளே தெரிந்தெடுத்த பெயர். புருஷன் மாலையில் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு அவளை அடிப்பான். அவள் சொன்னதை அக்கா அப்படியே எழுதியிருந்தார்: "யுத்தச் செய்தி வாசிக்கிறப்பதான் எனக்கு அடி விழும். ஊருல என்ன நடக்குதுன்னு ரொம்பக் கவலப்படுற மனுசன்னு பக்கத்து வீட்டுக்காரங்க அவரைப் பத்திச் சொல்லுவாங்க."

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே வரி என்றுதான் வட்டத்தில் சொல்வோம். அந்த வரியை நான் கையெழுத்துப் பிரதியில் பார்த்தபோது, நீலப் பென்சிலால் குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு சொல்: "வேண்டாம்."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பல்கலைக்கழகம் முடித்தவள், நல்ல எழுத்து எதுவென்று தெரியும் என்று எண்ணியிருந்தவள். அந்த வரி போனால் கட்டுரையின் உயிரே போய்விடும் என்று எனக்குப் பட்டது. அக்காவிடம் கேட்கவில்லை. வெட்டியதைப் பொருட்படுத்தாமல் தட்டச்சுச் செய்தேன். பெயர் மாற்றியாயிற்று, தெருவும் மாற்றியாயிற்று, பிறகென்ன என்று நினைத்தேன். அந்தத் தொடர்மாடியில் எந்த வீட்டு வானொலி மாலையில் அலறும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. அக்கா யோசித்திருந்தார்.

இதழ் அந்தத் தொடர்மாடிக்கும் போனது. யாரோ மலரின் புருஷனிடம் வாசித்துக் காட்டினார்கள். மறுநாள் காலை மலர் முறிந்த கையைச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு, மகளுடன் வெள்ளவத்தையில் வந்து இறங்கினாள்.

அந்த யுத்த நாட்களில் அவளை வைத்திருப்பதென்றால் வீட்டில் இருப்போரின் பட்டியலில் பெயர் சேர்த்துப் பொலிஸில் பதிய வேண்டும். நானும் கூடப் போனேன். தன் தங்கை என்றார் அக்கா, சிங்களத்தில். ஒருத்தி பிறந்தது யாழ்ப்பாணம், மற்றவள் பதுளை, ஒரு தாய்க்கு இரண்டு ஊரா என்று கேட்டுச் சிரித்தார் பொலிஸ்காரர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்றார் அக்கா, கண் இமைக்காமல். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். மலர் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். மகளை அங்கிருந்துதான் கட்டிக்கொடுத்தார்கள்.

மலர் வந்த வாரத்துச் சனிக்கிழமை வட்டம் கூடியது. அந்த வரி எப்படி வந்தது என்று கேட்டார்கள். மலர் கையில் கட்டோடு மூலையில் இருந்தாள். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "நான் கவனிக்காமல் விட்டிட்டன்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. ஒரு ரயில் போனது. அது போன பிறகும் திறக்கவில்லை.

எல்லோரும் போனபின் என்னைக் கூப்பிட்டு அந்தக் கையெழுத்துத் தாளைத் தந்தார். அவர் வெட்டியதற்கு இருந்த ஒரே சாட்சி அது. "இதை நீரே வைச்சிரும்" என்றார். திட்டவில்லை. அன்றிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது: எழுதியது யாருடைய வாழ்க்கையோ, அவருக்குக் கடைசிப் பிரதியை உரத்து வாசித்துக் காட்டாமல் ஒன்றும் ஸ்டென்சிலுக்குப் போகாது. அவர் ஒரு வரியை எடு என்றால் எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அக்கா பயந்துவிட்டார், எழுத்து மழுங்கிவிட்டது என்று சிலர் விலகினார்கள். அதையும் அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

பதினைந்து வருடங்கள் ஒரே மேசையில் அவருடன் வேலை செய்தேன். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த தாளை என் பக்கம் நகர்த்துவார்.

மரண வீட்டில் வட்டத்தின் பழைய சிநேகிதி ஒருவர் அழுதபடி சொன்னார்: "எல்லாம் பாத்துப் பாத்துச் செய்த மனுசி. மலரின்ரை விசயத்திலை மட்டும்தான் கவனம் தப்பினது." சுற்றி இருந்தவர்கள் தலையசைத்தார்கள். தேநீர்த் தட்டோடு நின்ற மலர் அதைக் கேட்டாள். நானும் கேட்டேன். அந்தப் பிழையுடனேயே அக்காவை எரிக்கக் கொண்டுபோனார்கள்.

அதனால்தான் இதை எழுதினேன். அவருக்குக் கவனம் தப்பவில்லை. தப்புச் செய்தவள் நான்.

நேற்று இதை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய், அக்காவின் மேசையில் வைத்து மலருக்கு உரத்து வாசித்தேன். கையெழுத்துத் தாளையும் முன்னால் வைத்தேன். அவள் நீலக் கோட்டின்மேல் விரலை வைத்திருந்தாள்.

"அக்காவுக்குத் தெரியுமா, நீங்கதான்னு?"

"தெரியும்."

"பதினஞ்சு வருசமா ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு வார்த்த சொல்லல." பிறகு சொன்னாள்: "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம், தங்கச்சி."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வானொலி வரி இருக்கட்டும் என்றாள். அந்த மனிதன் செத்து நாலு வருடம், அந்த மாடியையும் இடித்துவிட்டார்களாம். இதிலிருந்து வேறொரு வரியை எடுத்துவிடச் சொன்னாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாளும், அவர் ஏற்படுத்திய அந்த வழக்கமும்தான். மலர் சொன்ன வரியை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல வரிதான்.