காது பதினாறு, கண் பத்து

தொலைக்காட்சியின் மேல் துண்டைப் போர்த்திவிட்டுத்தான் என் தங்கை அதன் முன்னால் உட்காருவாள். படம் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும். ஒரு பகுதியை அப்படியே கேட்டு முடித்ததும் துண்டை எடுப்பாள், சத்தத்தை அடைப்பாள், மறுபடி முதலிலிருந்து ஊமைப்படமாகப் பார்ப்பாள்.

"காது வழியா வர்றது வேற, கண்ணு வழியா வர்றது வேற. ரெண்டையும் கலந்தா மயங்கிடுவோம்க்கா" என்பாள்.

எந்தத் தொடரை எந்த வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம் என்று ஒரு வாரப் பத்திரிகையில் பெற்றோருக்கு எழுதுவது அவள் வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான், அந்தப் பக்கத்தை ஓரம் பிசகாமல் கத்தரித்து வைக்கிறேன். காதுக்கு ஒரு வயது, கண்ணுக்கு ஒரு வயது போடுவாள். இரண்டில் எது பெரிதோ அதுதான் அச்சில் வரும். யார் கேட்டும் குறைத்ததில்லை.

பார்க்கும்போது கை சும்மா இருக்காது, பச்சைப் பட்டாணி உரிக்கும். கை நின்றால் திரையில் ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வீட்டிலும் அதே சட்டம்தான். "ஊர்ல உள்ள அம்மாங்க எல்லாம் உன்னைப் படிச்சிட்டுப் பிள்ளைங்களைத் திட்டுறாங்க. நான் எப்படி கிளாஸ்ல தலை காட்டுறது?" என்று அவளுடைய பதினாலு வயது மகள் நொடிப்பாள்.

போன வாரம் வந்தது, நாற்பதைத் தாண்டிய நான்கு தோழிகளைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். மகள் அதைப் பார்த்தே தீருவேன் என்று நின்றாள். வகுப்பே பார்க்கிறதாம். காரணம் அது மட்டுமில்லை என்று எங்களுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்த தோழியோடு அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கொடுத்தனுப்பும் சாப்பாடு பாதி திரும்பி வருகிறது. என்னடி ஆயிற்று என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

துண்டுக்கு அடியிலிருந்து இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் வந்தது. அவர்கள் சொன்ன நகைச்சுவையை நான் இங்கே எழுத மாட்டேன். பட்டாணி நின்றது. "பதினாறு" என்றாள் தங்கை.

பிறகு துண்டை எடுத்தாள். சண்டை போட்டுப் பிரிந்திருந்த இருவரில் ஒருத்திக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மற்றவள் அவளைக் குளியலறைத் தொட்டிமேல் சாய்த்து, கட்டு நனையாமல் உள்ளங்கையால் மறித்துக்கொண்டு, தலை அலசிவிட்டாள். துண்டுக்கு அடியில் கேட்ட அந்தக் கூத்துப் பேச்செல்லாம், வலி தெரியாமல் இருக்கச் சொன்னது. பட்டாணி மறுபடி நின்றது.

"காது பதினாறுங்குது, கண்ணு பத்துங்குதுக்கா."

"பெரிசுதானே உன் சட்டம்?" என்றேன்.

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "அந்த ரெண்டு பேருக்கும் சண்டைதானே? யாரும்மா முதல்ல பேசினது?" என்று கேட்டாள்.

தங்கை அந்தப் பகுதியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். அடைத்திருந்த சத்தத்தைத் திறந்தாள். துண்டை நாலாக மடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, சோபாவில் ஒரு ஆள் அளவுக்கு நகர்ந்து, பட்டாணிக் கிண்ணத்தை அந்த இடத்துக்கு முன்னால் தள்ளி வைத்தாள்.